எங்கள் சிரிப்பு யாருக்கு இடைஞ்சல்?

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு வாரமலரில், விவாகரத்தான பெண்ணொருத்தி மறுபடி வாழத் தொடங்குவதைச் சொல்லும் நாவலுக்கு விமர்சனம் வந்திருந்தது. அதன் கடைசி வரி: “இவ்வளவு பெரிய துயரத்தை நகைச்சுவையாக்குவது நமது பெண்களுக்கு அழகல்ல.” எழுதியவரை விடுங்கள். நீங்கள் அதை அப்படியே அச்சிட்டதுதான் மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

அந்த நாவலை வாசித்தவள் நான். விவாகரத்துப் பெற்றவளும்தான். நாவலில், வழக்கு முடிந்த அன்று மழை கொட்ட, நீதிமன்ற வாசலில் ஒரேயொரு ஓட்டோ நிற்கும். பிரிந்த இருவரும் அதிலேயே ஏறிப்போய், இறங்கும்போது யார் காசு கொடுப்பதென்று திரும்பவும் சண்டை பிடிப்பார்கள். நான் வயிறு நோகச் சிரித்தேன், அப்புறம் அழுதேன். விமர்சகர் அந்த இடத்தை மலிவு என்கிறார். திருகோணமலை நீதிமன்ற விறாந்தையில் தவணைக்குத் தவணை காத்திருந்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். எனக்கெதிராகச் சாட்சி சொல்ல வந்த மாமியார், பழக்க தோசத்தில் என்னிடமே தண்ணீர்ப் போத்தலை நீட்டி, “பிள்ளை, இந்த மூடியைத் திறந்து தா” என்றார். திறந்து கொடுத்தேன். அக்காவும் நானும் அன்று சிரித்த சிரிப்பு இல்லாவிட்டால் அடுத்த தவணைக்குப் போயிருக்கவே மாட்டேன்.

சட்டம் தங்களுக்குத் தெரியாததல்ல. 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தில் விவாகரத்துக்கு மூன்றே காரணங்கள்: பிறரோடு தகாத உறவு, வன்மத்தோடு கைவிட்டுப் போதல், மணமுடிக்கும்போதே இருந்த தீராத ஆண்மைக்குறைவு. கண்டிச் சிங்களவருக்கான கண்டியச் சட்டப்படி மணந்தவர்கள் இருவரும் சம்மதித்துப் பிரியலாம். எங்களுக்கு அந்த வழி இல்லை. மரியாதையாகப் பிரிய நினைத்தாலும் ஒருவர் மற்றவரைக் குற்றவாளியாக்கியே தீரவேண்டும். தீர்ப்பு வந்த பிறகும் அது இறுதியாவதற்குக் குறைந்தது 3 மாதம் ஆகும். அதுவரை நான் மனைவியா இல்லையா என்று சொந்தக்காரர் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். இதையெல்லாம் நாவல் எழுதியவர் சரியாகப் பிடித்திருக்கிறார். விமர்சனத்தில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

எங்களுக்கு எது அழகு என்று இவ்வளவு அக்கறையாக எழுதுகிறீர்கள். உப்புவெளிப் பக்கம் வாடகைக்கு வீடு பார்த்தபோது, கணவர் இல்லையென்று தெரிந்ததும் முற்பணத்தைத் திருப்பித் தந்தார்கள். தங்கை மகளின் கல்யாணத்தில் ஆராத்தித் தட்டை என் கையிலிருந்து வாங்கி வேறொருவரிடம் கொடுத்தார்கள். அது யாருக்கு அழகு? உங்கள் மணமக்கள் பக்கத்தைக் கொஞ்சம் பாருங்கள். விவாகரத்தான ஆண் ‘முன்பு மணமாகாத பெண் தேவை’ என்று கேட்கிறார், நீங்களும் போடுகிறீர்கள். மகளிர் பக்கத்திலோ அனுசரித்துப் போவது எப்படி என்ற கட்டுரை பெயர் மாறி மாறி வருகிறது. அதைப் பற்றி முன்பும் எழுதினேன். பிரசுரிக்கவில்லை, பதிலும் இல்லை. பல காலமாக உங்கள் பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்குகிறவள் என்ற உரிமையில்தான் மறுபடி எழுதுகிறேன்.

நாங்கள் அழுதால் பாவம் என்கிறீர்கள், சிரித்தால் பண்பாடு கெட்டுப்போகிறது. அழுகையை மட்டும் எதிர்பார்க்கிறவர் இந்த நாவலுக்கு விமர்சனம் எழுத வந்திருக்கவே கூடாது.

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. விமர்சனத்தில் பதிப்பகத்தின் பெயரும் விலையும் விடுபட்டுவிட்டன. அடுத்த வாரமலரில் அவற்றைப் போடுங்கள். எனக்குக் கொழும்பிலிருந்து அண்ணன் மகன் வாங்கி அனுப்பினான். மூதூரிலும் கிண்ணியாவிலும் தெரிந்த பெண்கள் எங்கே வாங்கலாமென்று கேட்கிறார்கள். என் பிரதியோ கைமாறிக் கைமாறி அட்டை கழன்ற நிலையில் இருக்கிறது.

என் பெயரை வெளியிட வேண்டாம். மகள் இங்கேதான் படிக்கிறாள்.

இப்படிக்கு,
வாசகி,
திருகோணமலை.