பிழையை ஒலிவாங்கியில் சொல்லாதீர்கள்: குறள் போட்டி நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

திருகோணமலையில் குறள் மனனப் போட்டி நடத்தும் மதிப்புக்குரிய ஏற்பாட்டாளர்களுக்கும் நடுவர்களுக்கும்,

வணக்கம். அண்மையப் போட்டியில் நடந்தது உங்களுக்குத் தெரியும். அடக்கமுடைமை அதிகாரத்தை ஒப்புவித்துக்கொண்டிருந்த தரம் 4 பிள்ளை 127ஆம் குறளில் தடக்குப்பட்டது. "பிழை, இறங்கலாம்" என்று நடுவர் ஒலிவாங்கியிலேயே சொன்னார். மண்டபம் சிரித்தது. நாவைக் காக்கச் சொல்லும் குறள் அது.

பிள்ளை தடக்குப்பட்டது சோம்பலால் அல்ல. அச்சில் குறள் ஓசைக்கேற்பச் சீர் பிரிந்து நிற்கிறது, சொல் பிரிந்து அல்ல. 'யாகாவா ராயினும்' என்று கண்ணில் பட்டால், அது 'யா காவார் ஆயினும்', அதாவது எவற்றைக் காக்காவிட்டாலும் என்று எந்தப் பிள்ளைக்கு விளங்கும்? 'காவாக்கால்' என்பதில் இருப்பது நடக்கிற கால் இல்லை. காக்காவிட்டால் என்று பொருள். ஓசையை மட்டும் பிடித்த பிள்ளைக்கு முதலடியின் 4 சீரும் வந்துவிடும். 'சோகாப்பர்' என்று தொடங்கும் மற்ற 3 சீருக்குத் தாவப் பிடிமானம் இருக்காது. சொல் பிரித்துப் பொருள் சொல்லி, அதன் பிறகு ஓசை பழக்கினால், ஒரு சொல் நழுவினாலும் பொருள் அடுத்ததை எடுத்துத் தரும்.

நாங்கள் முக்கியமாகக் கேட்பது ஒன்றுதான். பிழையை ஒலிவாங்கியில் சொல்லாதீர்கள், புள்ளித்தாளில் எழுதுங்கள். பிள்ளை நின்றுவிட்டால் 10 விநாடி பொறுங்கள். அடுத்த சீரை மெல்ல எடுத்துக் கொடுத்து ஒரு புள்ளி குறையுங்கள். தாளைப் பிறகு பொறுப்பாசிரியரிடம் கொடுக்கலாம். வெருகலிலிருந்து விடியமுன் பஸ் ஏறி வந்த பிள்ளை, அந்தச் சிரிப்பைக் காதில் வைத்துக்கொண்டா அத்தனை தூரமும் திரும்பிப் போவது?

இன்னொன்றும் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. 10 குறளையும் பிசகாமல் ஒப்புவித்தால் கேடயம். ஒன்றின் பொருள் தெரிந்ததற்கு அரைப் புள்ளிகூட இல்லை. பிள்ளைகள் பசியோடு காத்திருக்க, பயனில சொல்லாமை அதிகாரம் படிக்கப்படும் அதே மேடையில் பிரமுகர் உரைகள் முக்கால் மணி நேரம் நீளுகின்றன. தன் மாணவன் மேடையேறும்போது நடுவர் விலகி அமர்வதில்லை. வாய்மை அதிகாரத்தை எந்த முகத்தோடு அந்தப் பிள்ளைகளிடம் கேட்பது?

மனவருத்தத்தில் சொல் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த போட்டிக்கு முன் நடுவர்களைக் கூட்டும்போது இதை முதலாவதாக எழுதிக் கொடுங்கள்: பிழை தாளில் மட்டும், ஒலிவாங்கியில் வேண்டாம். அன்று இறக்கிவிடப்பட்ட பிள்ளையை மறுபடி அழைத்து, அந்த அதிகாரத்தை முழுதாகச் சொல்ல இடம் தரும்படியும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பிள்ளைகளுக்குக் குறள் பழக்கும் ஆசிரியர்கள் சிலர்,
திருகோணமலை.