‘எத்தனை வீதம்?’ என்று கேட்ட மச்சானுக்கு

அட்டன்

அன்பின் மச்சானுக்கு,

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. இங்கே தென்மேற்கு மழை இன்னும் விட்டபாடில்லை. தகரக் கூரைக்குக் கீழே நின்று வகையீடு படிப்பிக்கிறேன். பிள்ளைகளுக்குக் கேட்பது பாதி, ஊகிப்பது பாதி. உங்கள் ஊவாப் பக்கம் காற்றுக்காலம் பிடித்துவிட்டதால் இரவும் தேயிலைத் தொழிற்சாலையிலேயே நிற்கிறாய் என்று எழுதியிருந்தாய். இந்த மாதங்களில் ஒரு டீமேக்கர் நான்கு பக்கம் எழுதுகிறான் என்றால் அது மகளைப் பற்றியதாகத்தான் இருக்க வேண்டும். இருந்தது.

உன் தங்கைக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார் வைத்தியர். மழையைக் காட்டித் தப்பித்துக்கொண்டிருக்கிறாள். வேறு விசேஷம் இல்லை.

மருமகள் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தால் எத்தனை வீதம் வாய்ப்பு என்று கேட்கிறாய். கணக்கு வாத்தியார் என்பதால் என்னிடம் கேட்கிறாய் போலும். உள்ளூர்ப் பல்கலைக்கழகம் என்றால் நானே ஓரளவு சொல்லிவிடுவேன். கணிதப் பிரிவு, பதுளை மாவட்டம், மூன்று பாடங்கள். ஒவ்வொரு பாடத்திலும் அவளுடைய புள்ளி சராசரிக்கு மேலே எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பதை நியம விலகலால் வகுத்து, மூன்றையும் சராசரி எடுத்தால் இசட் புள்ளி. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஒவ்வொரு ஆண்டும் கற்கைநெறிவாரியாக, மாவட்டவாரியாக வெட்டுப்புள்ளியை, அதாவது இடம் கிடைத்த கடைசிப் பிள்ளையின் இசட் புள்ளியை, வெளியிடுகிறது. பொறியியலுக்குப் பதுளையின் கடந்த சில ஆண்டு வெட்டுப்புள்ளிகளை எடுத்து வைத்துக்கொண்டால், எல்லையிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறாள் என்று தெரிந்துவிடும். இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்குச் சனத்தொகைப்படி, மீதி 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பதினாறில் இருக்கின்றன. அந்தச் சலுகைக்காகவே வெளி மாவட்டத்துப் பிள்ளைகளை இங்கே கொண்டுவந்து சேர்க்கும் பெற்றோரும் இருக்கிறார்கள். அதைப் பற்றி எழுதத் தொடங்கினால் தபால் செலவு கூடிவிடும்.

இந்த முறையில் குறைகள் உண்டு. ஆனால் கோடு எங்கே கிழிக்கப்பட்டது என்று எல்லோருக்கும் தெரியும். புள்ளி கோட்டுக்கு மேலே இருந்தால் அவள் யார், என்ன செய்தாள் என்று எவரும் கேட்பதில்லை. நாமெல்லாம் இந்தக் கோட்டைப் பார்த்து வளர்ந்தவர்கள். அதனால்தான் உனக்கும் அங்கே ஒரு கோடு இருக்கும், அதை யாராவது சொல்லிவிட்டால் போதும் என்று தோன்றுகிறது.

அங்கே கோடு கிடையாது. 2024 இல் எம்ஐடிக்கு ஏறத்தாழ 28,000 பேர் விண்ணப்பித்தார்கள். இடம் கிடைத்தது 1,300 பேருக்கும் குறைவு. நீ பார்த்த ‘நாலரை வீதம்’ இதுதான். ஆனால் அது அந்தக் குவியலைப் பற்றிய எண். உன் மகளைப் பற்றிய எண் அல்ல. அமெரிக்கர் அல்லாதவர்களை மட்டும் எடுத்தால் ஏறத்தாழ இரண்டு வீதமாகிவிடுகிறது, ஏனெனில் இளமாணி மாணவரில் வெளிநாட்டவர் பத்தில் ஒரு பங்கு அளவில்தான் இருக்கிறார்கள். அந்த இரண்டு வீதத்தையும் அப்படியே அவள் தலையில் வைக்க முடியாது. உலகப் போட்டிகளில் பதக்கம் வென்றவர்களும் அதே குவியலில்தான் கிடக்கிறார்கள். எப்படியும் கிடைக்காது என்று தெரிந்தும் போட்டுப் பார்ப்பவர்களும் கிடக்கிறார்கள்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்குப் போடுபவர்கள் எழுதும் எஸ்ஏடி பரீட்சையை எடுத்துக்கொள். 2022 இல் எம்ஐடி அதை மீண்டும் கட்டாயமாக்கியது. அங்கே சேர்பவர்களில் பெரும்பாலானோர் கணிதப் பகுதியில் 800க்கு 780க்குக் குறையாமல் எடுக்கிறார்கள். அவள் 800 எடுத்தாலும் அது வாசலில் செருப்பைக் கழற்றியது மாதிரிதான். வீட்டுக்குள் கூப்பிடுவார்கள் என்று அர்த்தமில்லை. 650 எடுத்தால் மட்டும் அந்த ஒரு எண்ணே நிறையச் சொல்லிவிடும்.

பிறகு உன் தம்பி சொன்ன கணக்கு. “ஐந்து வீதம் கிடைக்கிற பல்கலைக்கழகம் பத்துக்குப் போடுவோம், எங்காவது ஒன்று விழும்.” ஒவ்வொன்றிலும் தவறுவது 0.95, பத்து முறை பெருக்கினால் 0.60, ஆகவே 40 வீத வாய்ப்பு. பெருக்கல் சரி. ஆனால் பத்து இடத்துக்கும் போவது ஒரே பிள்ளையின் ஒரே பரிந்துரைக் கடிதங்கள், ஒரே புள்ளிகள். ஒரு இடத்தில் அவளை மறுக்க வைத்த காரணம் மற்ற ஒன்பது இடத்திலும் மேசையில் இருக்கும். சுயாதீனமான நிகழ்ச்சிகளுக்குத்தான் இப்படிப் பெருக்கலாம் என்று அவனுக்கும் சேர்த்துத்தான் எனக்கு ஒரு காலத்தில் படிப்பித்தார்கள். அவன் பின்வரிசையில் இருந்தான்.

பணத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீ கேட்கவில்லை. பெரும்பாலான அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் வெளிநாட்டுப் பிள்ளை உதவி கேட்டால் அதுவும் முடிவைப் பாதிக்கும். ஸ்டான்ஃபோர்ட் கூட அப்படித்தான். எம்ஐடி, ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் போன்ற மிகச் சில இடங்களே வெளிநாட்டவரிடமும் வசதியைப் பார்க்காமல் முடிவு செய்து, எடுத்த பிறகு தேவை முழுவதையும் ஈடுசெய்கின்றன. உன் சம்பளத்தில் படிக்க வேண்டிய பிள்ளைக்கு, பெயர் பெரிதாக இருக்கிற இடமே சில வேளை கட்டுப்படியாகும் இடம். விண்ணப்பக் கட்டணத்துக்கும் விலக்குக் கேட்கலாம். கொழும்பில் இலட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு ‘உறுதியாக எடுத்துத் தருகிறோம்’ என்கிற முகவர் ஒருவரைப் பற்றி எழுதியிருந்தாய். அவர் பக்கமே போகாதே. எவராலும் உறுதி தர முடியாத ஒன்றுக்கு உறுதி தருகிறார் என்பதே அவரைப் பற்றித் தெரிந்துகொள்ளப் போதும்.

இனித்தான் நான் சொல்ல விரும்பியது. விவாதப் போட்டிக் கிண்ணம், மாணவத் தலைவி, தமிழ்த்தினப் போட்டி என்று ஒரு பக்கம் நிரப்பியிருந்தாய். நல்லது. கடைசிப் பக்கத்தில், கையெழுத்துக்கு மேலே, போகிற போக்கில் ஒரு வரி: இரண்டு வருடமாக உன் தொழிற்சாலையில் கொழுந்து வாட எடுக்கும் நேரத்தையும் அன்றைய ஈரப்பதனையும் ஒரு கொப்பியில் எழுதி வரைபடம் போட்டிருக்கிறாள், காற்றுக்காலத்தில் நீ விசிறியை நிறுத்தும் நேரம் தவறு என்று உன்னோடு சண்டையும் போட்டாள். மச்சான், அந்த ஒரு வரிக்காகத்தான் நான் இவ்வளவு எழுதுகிறேன். யாரும் கேட்காமல், புள்ளி இல்லாமல், சான்றிதழ் இல்லாமல் ஒரு பிள்ளை இரண்டு வருடம் ஒன்றை அளந்திருக்கிறாள். அங்கே விண்ணப்பம் வாசிப்பவர்கள் தேடுவது இதைத்தான். அந்தப் பிள்ளைக்கு எட்டியது என்ன, எட்டியதை வைத்து என்ன செய்தாள் என்று பார்க்கிறார்கள். ஒலிம்பியாட் பயிற்சி இல்லாத பாடசாலையில் ஒலிம்பியாட் இல்லாததை அவர்கள் குறையாக எடுப்பதில்லை. எம்ஐடி விண்ணப்பத்தில் நீண்ட கட்டுரை கிடையாது. சில சிறு கேள்விகள்தான். அந்தக் கொப்பியைப் பற்றி அவளே, அவளுடைய ஆங்கிலத்தில் எழுதட்டும். பாடசாலை ஆங்கில ஆசிரியர் திருத்தட்டும், அழகுபடுத்த வேண்டாம்.

எனக்குப் பயமாக இருப்பது ஆசிரியர்களின் கடிதங்கள்தான். இரண்டு வேண்டும்: கணித அல்லது விஞ்ஞான ஆசிரியர் ஒருவர், மொழி அல்லது சமூகப் பாடம் படிப்பித்தவர் ஒருவர். நம் பக்கத்தில் கடிதம் கேட்டால் விடுகைப் பத்திரத்து வாசகங்கள்தான் வரும். ‘நல்லொழுக்கமும் கீழ்ப்படிவும் உள்ள மாணவி, எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறேன்.’ நானும் நூற்றுக்கணக்கில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வங்கி வேலைக்கு அது போதும். இங்கே அப்படியொரு கடிதம் போனால், ஆசிரியருக்குப் பிள்ளையைத் தெரியாது என்றுதான் வாசிப்பவர் நினைப்பார். பதவி பெரிதென்று அதிபரிடம் போகாதே. வகுப்பில் அவளோடு மல்லுக்கு நின்ற ஆசிரியரிடம் போ. அவள் எந்தக் கேள்வியைக் கேட்டு அவரைத் திணறடித்தாள், பிறகு என்ன நடந்தது என்று அவர் எழுதட்டும்.

கால அட்டவணையை நீ குழப்பிக்கொண்டிருக்கிறாய். உயர்தரப் பரீட்சை இந்த ஆண்டு முடிவில். எம்ஐடி விண்ணப்ப முடிவுத் திகதி ஜனவரித் தொடக்கத்தில். இரண்டையும் ஒன்றாக ஏற்றினால் இரண்டும் கெடும். இப்போது பரீட்சையை மட்டும் எழுதட்டும். பெறுபேறு வந்து, வெட்டுப்புள்ளி வந்து, உள்ளூர்ப் பல்கலைக்கழகம் கூப்பிடும் வரை நம் பிள்ளைகள் மாதக்கணக்கில் வீட்டில் இருக்கிறார்கள். அந்தச் சும்மா இருக்கிற காலத்தில் எஸ்ஏடி எழுதி, பெறுபேற்றைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த சுற்றுக்குப் போடலாம். முடிவு மார்ச் 14 வாக்கில் வரும். 3.14 என்பதற்காகவே அந்த நாளைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட கோமாளித்தனத்துக்காகவே எனக்கு அந்த இடத்தைப் பிடிக்கிறது.

வீதம் சொல்லாமல் விட்டுவிட்டான் என்று திட்டாதே. பேராதனையோ மொறட்டுவையோ கிடைக்கும் என்று துணிந்து சொல்வேன். கட்டணமில்லாத படிப்பு, குறைத்து நினைக்காதே. எம்ஐடி கிடைக்காமல் போகவே அதிக வாய்ப்பு. ஆனாலும் போட வேண்டிய பிள்ளை.

அந்தக் கொப்பியின் முதல் சில பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பச் சொல். ஈரப்பதனை எந்தக் கருவியால் அளந்தாள் என்பதையும் எழுதச் சொல். சனிக்கிழமை எனக்கு மேலதிக வகுப்பு. ஞாயிறு மாலை நாலு மணிக்குப் பிறகு மாமாவுக்கு அழைக்கட்டும். நீ பக்கத்தில் நின்று பதில் சொல்லிக்கொடுக்காதே.

தங்கச்சியையும் சின்னவனையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் மச்சான்