டோஸ் பற்றி வாசுகிக்கு

அன்புள்ள வாசுகி,

உன் கடிதம் கிடைத்தது. பெரியவன் வேலையை விட்டுவிட்டு மறுபடியும் படிக்கப் போகிறான் என்று எழுதியிருக்கிறாய். நீ பதறாமல் இருப்பதுதான் எனக்கு ஆச்சரியம். முட்டிக்கு அறுவை சிகிச்சை தேவையில்லை என்று டாக்டர் சொன்னது பெரிய நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் காது கேட்கும் கருவி வாங்கிக் கொடுத்தோம். அக்கம்பக்கத்துக் கதை கேட்க மாட்டிக்கொள்கிறார், நான் சாப்பாட்டைப் பற்றி ஏதாவது சொல்ல ஆரம்பித்தால் கழற்றி மேசையில் வைத்துவிடுகிறார்.

சரி, கடிதத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதியிருந்தாயே, அந்த விஷயத்துக்கு வருகிறேன். ஏடிஹெச்டிக்கு, அதாவது மனம் ஓரிடத்தில் நிலைக்காத கவனக் கோளாறுக்கு, மாத்திரை தொடங்கி ஒரு மாதம் ஆகிறது, வேலை செய்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை, இத்தனை பணம் கொடுத்துத் தனியார் டாக்டரிடம் போகிறேன், அடுத்த முறை டோஸைக் கூட்டச் சொல்லட்டுமா என்று கேட்டிருக்கிறாய். நானும் நாற்பதைத் தாண்டிய பிறகுதான் எனக்கு ஏடிஹெச்டி இருப்பதைத் தெரிந்துகொண்டவள். உனக்கு ஓரிரண்டு வருடம் முன்னால் அதே வழியில் நடந்தேன், அவ்வளவுதான். டாக்டர் சொல்வதற்கு மேல் என் பேச்சை எடுத்துக்கொள்ளாதே.

நீ எடுப்பது மெதுவாக வெளிவிடும் வகை மெத்தில்ஃபெனிடேட், 18 மி.கி. என்கிறாய். அது பெரும்பாலும் தொடங்கும் அளவு. அதனால் கூட்டலாமா என்று கேட்பதில் தப்பே இல்லை. ஆனால் வெறுமனே "தெரியவில்லை டாக்டர்" என்று போய் உட்கார்ந்தால், அவரும் தெரியாமல்தான் கூட்டுவார். இந்த மருந்தில் ரத்தப் பரிசோதனை செய்து உனக்கு இவ்வளவு போதும் என்று சொல்ல வழியில்லை. பெரியவர்களுக்கு எடையைப் பார்த்தும் அளவு வைப்பதில்லை. அறிகுறி எவ்வளவு கடுமை என்பதைப் பார்த்தும் இல்லை. கஷ்டம் அதிகமுள்ள ஒருவருக்குச் சின்ன அளவே போதுமாக இருக்கும், லேசாக இருப்பவருக்கு அதைவிட இரண்டு மடங்கு தேவைப்படும். ஆகவே சிறியதில் தொடங்கி, படிப்படியாக ஏற்றி, நல்லதும் கெட்டதும் எங்கே சமன்படுகிறது என்று பார்ப்பதுதான் ஒரே வழி. அந்தப் பார்வையில் பாதிக்கு மேல் உன் வேலை. டாக்டர் உன்னைக் காண்பது மாதத்தில் அரை மணி நேரம், மீதி நேரமெல்லாம் உன்னோடு இருப்பவள் நீதானே.

மூளையில் என்ன நடக்கிறது என்று நீ கேட்பாய், உன்னைத் தெரியாதா எனக்கு. நரம்பணுக்கள் ஒன்றுக்கொன்று சேதி சொல்ல டோபமின், நார்அட்ரினலின் என்ற பொருள்களை வெளிவிடும், வேலை முடிந்ததும் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். மெத்தில்ஃபெனிடேட் அந்தத் திரும்ப உறிஞ்சுவதைத் தடுக்கிறது. அதனால் அவை இன்னும் கொஞ்ச நேரம் வெளியே நின்று வேலை செய்யும். இதில் கவனிக்க வேண்டியது, கூடக் கூட நல்லது என்று இல்லை. குறைவாக இருந்தாலும் மனம் அலையும், அதிகமாக இருந்தாலும் கவனம் கெடும்.

இதை நான் படித்துத் தெரிந்துகொண்டது பாதி, பட்டுத் தெரிந்துகொண்டது பாதி. முதலில் நான் போன கிளினிக் கொஞ்சம் பகட்டானது. பெயர் வேண்டாம். வீடியோ அழைப்பில் முகம் தெரியும், "எப்படி இருக்கீங்க", நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த மருந்துச் சீட்டு. 18 லிருந்து 27, 36, அப்புறம் 54. பிரஷர் எவ்வளவு, தூக்கம் எப்படி என்று யாரும் கேட்கவில்லை. 54 மி.கி. எடுத்த நாட்களில் வேலை என்னவோ பறந்தது. ஆனால் நெஞ்சு படபடவென்று அடிக்கும், தாடை இறுகியிருக்கும், மதியம் பசியே தெரியாது. ஒரு கணக்கு அட்டவணையைச் சீர்படுத்த உட்கார்ந்தால் அதிலேயே கிடப்பேன், கேட்டிருந்தது வேறு வேலை. அலுவலகத்தில் ஒரு பெண், "மேடம், உங்களுக்கு எங்க மேல ஏதாவது கோபமா?" என்று கேட்டாள். நான் சிரிக்கவே மறந்திருந்தேன் போல.

பிறகு டாக்டரை மாற்றினேன். இவர் முதல் சந்திப்பிலேயே இரண்டு விஷயம் கேட்டார். ஒன்று, என் வீட்டில் இளம் வயதில் யாராவது திடீரென்று மாரடைப்பில் போயிருக்கிறார்களா? எனக்கு மயக்கமோ இதயக் கோளாறோ இருந்திருக்கிறதா? இந்த வகை மருந்து நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் சற்று ஏற்றும், அதனால் தொடங்கும் முன்பும் அளவு மாற்றும் ஒவ்வொரு முறையும் இரண்டையும் பார்க்க வேண்டும் என்றார். உனக்குப் பார்த்தார்களா? இல்லையென்றால் நீயே கேள். கையில் கட்டும் பிரஷர் மானி வீட்டில் இருந்தால் வசதி. இரண்டாவதாகக் கேட்டதுதான் எனக்குப் பிடித்தது: "எந்த நேரத்தில் மருந்து நல்லா வேலை செய்யுது, எந்த நேரத்தில் விட்டுப்போகுது?" எனக்குப் பதில் தெரியவில்லை. அளவைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேனே தவிர, நேரத்தை யோசிக்கவே இல்லை.

நேரம்தான் இதில் பாதிக் கதை, வாசுகி. உடனடி வகை மெத்தில்ஃபெனிடேட் மூன்று நான்கு மணி நேரத்தில் இறங்கிவிடும். நீ எடுப்பது கான்சர்ட்டா போன்ற வகை என்றால் மேல்பூச்சில் 22 சதவீதம் சீக்கிரம் கரையும், மீதி 78 சதவீதம் உள்ளிருந்து மெல்ல மெல்ல வெளியேறும். 12 மணி நேரம் வரை தாங்கும் என்பார்கள், ஆனால் ஆளுக்கு ஆள் வித்தியாசப்படும். எனக்கு ஒன்பது மணி நேரம்தான். மாத்திரையை மெல்லவோ உடைக்கவோ கூடாது. இன்னொன்று, அந்த மாத்திரையின் ஓடு மட்டும் கரையாமல் அப்படியே மலத்தில் வெளியே வரும். முதல் தடவை பார்த்துவிட்டு மருந்தே உடம்பில் சேரவில்லை என்று நான் அழாத குறை. பயப்படாதே, உள்ளே இருந்த மருந்து உடம்பில் சேர்ந்திருக்கும், வருவது வெறும் கூடுதான்.

சாயங்காலம் மருந்து இறங்கும்போது சிலருக்கு எரிச்சலும் சோர்வும் ஒன்றாக வரும். எனக்கும் வந்தது, ஆனால் அதை நான் கவனிக்கவில்லை, என் வீட்டுக்காரர்தான் கண்டுபிடித்தார். "ஆறு மணி ஆனா உன்கிட்ட எதுவும் கேட்கக் கூடாதுன்னு பசங்களே பேசி வெச்சிருக்காங்க" என்றார். அதை டாக்டரிடம் சொன்னதும் அவர் காலை அளவை 36 க்கு இறக்கி, மதியம் உடனடி வகையில் ஒரு சின்ன அளவைச் சேர்த்தார். மொத்தக் கணக்கில் பார்த்தால் 54 ஐ விடக் குறைவு, நாளோ நீண்டது. அதனால்தான் சொல்கிறேன், "கூட்டுங்கள்" என்று கேட்காமல் "இந்த மணிக்கு இப்படி ஆகிறது" என்று சொல். கூட்டுவதா, குறைப்பதா, நேரத்தை மாற்றுவதா, மருந்தையே மாற்றுவதா என்பதை அவர் அதிலிருந்து பிடித்துக்கொள்வார்.

ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள். ஏடிஹெச்டிக்காரிக்கு நாட்குறிப்பு எழுதச் சொல்வது கொடுமைதான், அதனால் நீளமாக வேண்டாம். விழுங்கிய நேரம், வேலை செய்யத் தொடங்கியதாகத் தோன்றிய நேரம், இறங்கிய நேரம், மதியம் சாப்பிட்டாயா, எப்போது தூங்கினாய், நாடித்துடிப்பு. அவ்வளவுதான். இதோடு நீ வழக்கமாகச் சொதப்பும் இரண்டு மூன்று வேலைகளை அளவுகோலாக வைத்துக்கொள். எனக்கு அவை: பில் கட்டுவது, கூட்டத்தில் ஒருவர் பேசி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் இருப்பது, எழுந்து போகாமல் நான்கு பக்கம் படிப்பது. "கவனம் கூடியிருக்கிறதா?" என்ற கேள்விக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. "இந்த மாதம் பில்லைக் கடைசித் தேதிக்கு முன்னால் கட்டினாயா?" என்றால் சொல்லிவிடலாம். உலகச் சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கிய 18 கேள்விப் படிவம் ஒன்றை உனக்கும் தந்திருப்பார்கள். அதையும் ஒவ்வொரு அளவு மாறும்போதும் நிரப்பினால் ஒப்பிட வசதி.

மாதவிலக்கு தேதியையும் அதே நோட்டில் குறித்துவை. அதற்கு முந்தைய வாரத்தில் மருந்து வேலை செய்யாத மாதிரி இருக்கிறது என்று நிறைய பெண்கள் சொல்கிறார்கள், எனக்கும் அப்படித்தான். அந்த வாரத்தில் டாக்டரைப் பார்க்கப் போய், அதை வைத்து முழு மாதத்துக்கும் அளவு ஏற்றிக்கொண்டு வந்துவிடாதே. காபியையும் கணக்கில் எடு. நீ குடிக்கும் அளவுக்குப் படபடப்பு மருந்தாலா காபியாலா என்று கடவுளுக்கே தெரியாது.

இதெல்லாம் சரிவராமல் போனாலும் கவலைப்படாதே, வேறு மருந்துகள் இருக்கின்றன. லிஸ்டெக்ஸாம்ஃபெட்டமின் என்று ஒன்று. அது வயிற்றில் இறங்கும்போது செயலற்றது. ரத்தச் சிவப்பணுக்களில்தான் அதிலிருந்து லைசின் என்ற அமினோ அமிலம் பிரிந்து, ஆம்ஃபெட்டமின் வகை மருந்தாக மாறும், அதனால் ஏற்றமும் இறக்கமும் சற்று மெதுவாக இருக்கும். அட்டோமாக்ஸெட்டின் வேறு வகை, இவற்றைப் போல மூளையைத் தூண்டும் ஊக்கியே அல்ல. அதைப் போட்ட அன்றே பலன் எதிர்பார்க்கக் கூடாது, பல வாரங்கள் ஆகும். அளவு போதவில்லை என்று அவசரப்பட்டால் அங்கே ஏமாற்றம்தான். வேறு மாத்திரை ஏதும் எடுத்தால், முக்கியமாக மனச்சோர்வுக்கு, மறக்காமல் சொல். எம்ஏஓ தடுப்பான் என்ற பழைய வகை மனச்சோர்வு மருந்தோடு இவை சேரவே கூடாது. நிறுத்தி 14 நாள் கழித்துத்தான் தொடங்க வேண்டும்.

நீ ரசிப்பாய் என்று ஒன்று. இந்த வகை மருந்து குழந்தைகளுக்கு உதவும் என்பதே தற்செயலாகத் தெரிந்தது. அமெரிக்காவின் ரோட் தீவில் சார்லஸ் பிராட்லி என்ற மருத்துவர், ஒரு பரிசோதனைக்குப் பின் வரும் தலைவலிக்காகச் சிறுவர்களுக்கு பென்செட்ரின் என்ற ஆம்ஃபெட்டமின் மருந்தைக் கொடுத்தார். தலைவலி பெரிதாகப் போகவில்லை, பள்ளிப் பாடம் நன்றாகச் செய்தார்கள். 1937 இல் அதை எழுதி வெளியிட்டார். பிள்ளைகளே அதற்குக் கணக்கு மாத்திரை என்று பெயர் வைத்துவிட்டார்களாம். மெத்தில்ஃபெனிடேட் 1944 இல் சுவிட்சர்லாந்தில் உருவானது. உருவாக்கியவர் தன் மனைவியின் செல்லப்பெயரான ரீட்டாவை வைத்து ரிட்டலின் என்று பெயரிட்டார். என் வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னேன். உன் பெயரில் ஏற்கெனவே ஒரு தலைவலி மாத்திரை இருக்கணுமே என்றார்.

தனியார் மருத்துவம் பற்றிக் கொஞ்சம் கறாராகவே சொல்கிறேன். காசு கொடுக்கிறோம், கேட்டதைத் தருவார்கள் என்ற நினைப்பு நமக்கும் வரும், சில கிளினிக்குகளுக்கும் வரும். இரண்டும் நல்லதில்லை. கேட்டவுடன் கூட்டிக் கொடுப்பவரைவிட, "இன்னும் இரண்டு வாரம் பார்ப்போம்" என்பவரிடம் காசு கொடுப்பது எனக்கு உறுத்தவில்லை. ஆனால் அந்த இரண்டு வாரத்தில் ஏதாவது ஆனால் யாரைக் கூப்பிடுவது என்று முன்கூட்டியே கேட்டுவை. அளவு சரியாகும்வரை வரும் சந்திப்புகளெல்லாம் முதல் கட்டணத்தில் அடங்குமா, ஒவ்வொன்றுக்கும் தனியா, சீட்டு மட்டும் எழுதித் தர வேறு கட்டணமா என்பதையும் கேள். காப்பீடு இருந்தால் அவர்களிடமும் எழுத்தில் வாங்கு. அளவு நிலைத்த பிறகு உன் குடும்ப டாக்டர் சீட்டு எழுதித் தர ஒப்புக்கொள்வாரா என்பது இன்னும் முக்கியம். சிலர் மாட்டார்கள். அப்படியானால் தனியாரிடம் வருடக்கணக்கில் போக வேண்டும், அதைத் தெரிந்துகொண்டே தொடங்குவது நல்லது. எல்லாக் குறிப்புகளின் நகலையும் வாங்கி வைத்துக்கொள். நான் டாக்டரை மாற்றியபோது பழைய இடத்திலிருந்து காகிதம் வரவே வெகுநாள் ஆனது.

சீட்டு விஷயத்தில் கடைசி நாள்வரை காத்திருக்காதே. மெத்தில்ஃபெனிடேட்டும் ஆம்ஃபெட்டமினும் 1971 ஐ.நா. உடன்படிக்கையின்படியே கட்டுப்பாட்டுக்குள் இருக்கும் மருந்துகள். அதனால் தொலைபேசியில் சொல்லி வாங்கிவிடுவது பல இடங்களில் நடக்காது. 2022 முதல் பல நாடுகளில் தட்டுப்பாடும் வந்து போயிருக்கிறது. ஒரு வாரத்துக்கு மாத்திரை மீதமிருக்கும்போதே கடையில் கேட்டுவிடு. மறதிக்காரர்களுக்கான மருந்தை வாங்க இத்தனை ஞாபகம் வேண்டியிருக்கிறதே என்று நான் புலம்பாத மாதம் இல்லை.

நெஞ்சுவலி, மயக்கம், மூச்சுத் திணறல், அல்லது மனசு வழக்கத்துக்கு மாறாகப் போவது, இல்லாததைப் பார்ப்பது கேட்பது மாதிரி ஏதாவது என்றால் அடுத்த சந்திப்புக்குக் காத்திருக்காதே, அன்றைக்கே போ. நீயாகவே இரண்டு மாத்திரை போட்டுப் பார்ப்பதும் வேண்டாம். உன் பொறுமை எனக்குத் தெரியும், அதனால்தான் சொல்கிறேன்.

அடுத்த சந்திப்பு எப்போது என எழுது. அதற்கு முன்னால் ஒரு பத்து நாள் நோட்டு எழுதியிருந்தால் போன் செய், உட்கார்ந்து பார்த்து என்ன கேட்கலாம் என்று பேசுவோம். ஞாயிற்றுக்கிழமை மதியம் என்றால் நான் சும்மாதான் இருப்பேன். பெரியவனுக்கு என் ஆசிகள். என்ன படிக்கப் போகிறான் என்று நீ எழுதவே இல்லையே?

அன்புடன்,
செல்வி