பக்கத்தில் நிற்பது எந்த மரம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒரே இன மரங்களை நட்ட தோப்பைவிடப் பல இனம் கலந்த தோப்பில்தான் மரம் தரமாக வரும் என்று கடந்த இதழின் மரவளர்ப்புக் கட்டுரை ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. பூச்சியைப் பற்றியும் மண்ணைப் பற்றியும் அதில் எழுதியவை சரி. பலகையின் தரத்தை அப்படிப் பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட முடியாது.

பலகையின் மதிப்பை முதலில் குறைப்பது கணு, அதாவது கட்டைக்குள் பதிந்துபோன கிளையின் அடி. மரங்கள் நெருங்கி நின்றால் கீழ்க்கிளைகள் வெயில் கிடைக்காமல் சிறிதாக இருக்கும்போதே காய்ந்து விழும். அதன்மேல் வளரும் கட்டை சுத்தமாக இருக்கும். இது ஒரே இனத் தோப்பிலும் நடக்கும். தள்ளித்தள்ளி நட்டுவிட்டு, இடையில் குட்டைச் செடிகளை வைத்துக் 'கலப்பு' என்று பெயர் சூட்டினால் கிளைகள் கைப்பருமனுக்குத் தடித்துவிடும். பிற்பாடு அவை காய்ந்தும் உதிராமல் நிற்க, தண்டு அவற்றைச் சுற்றி வளர்ந்து விழுங்கிவிடும். அந்தக் கணு கட்டையோடு ஒட்டாது. பலகை உலர்ந்ததும் கழன்று விழுந்து ஓட்டையாகிவிடும்.

வேகமாக வளரும் மரத்தையும் மெதுவாக வளர்வதையும் ஒன்றுவிட்டு ஒன்று நடுவதிலும் வம்பு இருக்கிறது. பிந்திய மரம் வெளிச்சம் வரும் பக்கம் சாயும். தன்னை நிமிர்த்திக்கொள்ள ஒரு பக்கத்தில் மட்டும் வேறு விதமான கட்டையை உண்டாக்கும். அந்தப் பலகை உலரும்போது கோணிக்கொள்ளும். இழைப்புளி போட்டால் பிசிறு பிசிறாக எழும்பும். சந்தனத்துக்கு மட்டும் இந்த விவாதமே வேண்டாம். பிற வேர்களைப் பற்றி உறிஞ்சி வாழ்வதால் துணை மரம் இல்லாமல் அது தேறாது.

பட்டையைப் பற்றிக் கட்டுரையில் ஒரு சொல்கூட இல்லாததுதான் எனக்குப் பெரிய குறை. ஓக் மரத்தின் பட்டைக்கு அடியில் மொட்டுகள் உறங்கிக்கொண்டிருக்கும். தண்டின்மேல் திடீரென்று வெயில் பட்டால் அவை விழித்துத் துளிர்க்கும். ஒவ்வொரு துளிரும் உள்ளே ஒரு பொடிக்கணுவை விட்டுச்செல்லும். மெல்லிய வெனீர்த் தகடாகச் சீவும் மரத்துக்கு அது போதும், மதிப்புப் போய்விடும். வெனீர் ஓக்குக்குப் பேர்போன ஜெர்மனியின் ஸ்பெசார்ட் காடுகளில், நிழலைத் தாங்கும் பீச் மரங்களை ஓக்கின் கீழே வளரவிட்டுத் தண்டுக்கு நிழல் கொடுக்கிறார்கள். கலப்பு என்றால் இது கலப்பு! அந்தப் பீச்சின் பட்டையோ மிக மெல்லியது. சுற்றி நிற்பவற்றை ஒரேயடியாக வெட்டினால் வெயிலில் வெந்து வெடிக்கும். வெடிப்பு வழியே பூஞ்சை புகும். ஆக, எந்த மரத்துக்கு எது துணை, அதை எப்போது நடுவது, எப்போது இடையிடையே வெட்டிக் கலைப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கட்டுரையோடு வந்த படத்தில் தோப்பு பச்சைப்பசேலென்று இருந்தது. அடுத்த முறை, அங்கே அறுத்த பலகையின் படத்தையும் வெளியிடுங்கள். நட்ட இடைவெளி, கவாத்து செய்த வயது, மரம் கலைத்த வயது மூன்றையும் கூடவே குறிப்பிட்டால் ஒப்பிட்டுப் பார்க்க எங்களுக்கு உதவும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்