உப்பு தூவினால் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

மழைக்காலத்தில் பெங்களூரு மதில்களில் ஏறும் ஆப்பிரிக்க ராட்சத நத்தைகளைப் பற்றிய உங்கள் கட்டுரை, உப்பு தூவச் சொன்னதோடு நின்றுவிட்டது. உப்பில் நத்தை சாகும். அதன் சதைக்குள் எலி நுரையீரல் புழுவின் இளம்புழு இருந்தால் அதுவும் சாகும் என்று நம்ப முடியாது. செத்த நத்தையைச் செடியடியில் விட்டால் எலி தின்னும். புழுவுக்கு வேண்டியதும் அதுதான்: எலியின் நுரையீரல் தமனியில் வளர்ந்து, குஞ்சுகள் புழுக்கையோடு வெளிவந்து, அதை மேயும் நத்தைக்குள் மறுபடி புகுந்துவிடும். நமக்குள் வந்தால் மூளை வரை போய் அங்கேயே சாகிறது. மூளையுறை வீங்குவது அதனால்தான். எல்லா நத்தையிலும் புழு இருக்காது, ஆனால் பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை.

இருட்டியதும் ஈரச் சாக்கை விரித்து அடியில் பப்பாளி இலை போட்டு வையுங்கள். விடிந்ததும் ஒட்டியிருப்பவற்றைக் கையுறையோடு எடுத்து, 5 லிட்டர் தண்ணீருக்கு 1 கிலோ கல்லுப்பு கரைத்த மூடி போட்ட வாளியில் போடுங்கள். பிறகு இரண்டடிக் குழியில் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். அந்த உப்புத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றினால் செடி கருகும். மண்ணைக் கிளறும்போது மிளகளவில் வெளிர்மஞ்சள் முட்டைகள் கொத்தாகக் கிடைத்தால் அவற்றுக்கும் அதே குழி.

பெரிய நத்தையைவிடக் கீரைக்கட்டில் ஒளிந்திருக்கும் குட்டி நத்தைதான் ஆபத்து. கட்டை முக்கியெடுத்தால் போகாது. பிரித்து, இலை இலையாகக் குழாய்த் தண்ணீரில் தேய்த்துக் கழுவ வேண்டும். உப்பு மஞ்சள் தண்ணீரில் ஊறவைப்பதை நம்ப வேண்டாம். 5 நிமிடம் கொதித்த கீரை மசியலுக்குப் பயமில்லை. பச்சைக் கீரை ஜூஸ், புதினாச் சட்னி, முட்டைக்கோஸ் சாலட் ஆகியவற்றில்தான் கவனம் தேவை. மிக்ஸியில் அரைபட்ட குட்டி நத்தை யார் கண்ணில் படும்?

உடும்பு இன்னொரு வழி. நத்தையைத் தின்னும் உடும்பின் சதையிலும் இந்தப் புழு தங்கும். பலம் வரும் என்று அதைப் பச்சையாகத் தின்றவர்களுக்கு நோய் வந்தது கேரளத்தில் பதிவாகியிருக்கிறது. உடும்பைப் பிடிப்பதே குற்றம் என்பது தனி.

புழு உடலுக்குள் போனால், பெரும்பாலும் 1 முதல் 3 வாரத்தில் கடும் தலைவலி, கழுத்து விறைப்பு, வாந்தி, தோலில் எரிச்சல் வரும். நரம்பியல் மருத்துவரிடம் போனால் நத்தை, உடும்பு, பச்சைக் கீரை எதுவானாலும் நீங்களாகவே சொல்லுங்கள். சொன்னால்தான் ஈசினோஃபில் என்ற வெள்ளையணுக்களைத் தேடிப் பார்ப்பார்கள். பூச்சி மாத்திரையை மட்டும் நீங்களே வாங்கி விழுங்காதீர்கள். மூளையில் புழுக்கள் மொத்தமாகச் சாகும்போது வீக்கம் கூடலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அல்சூர், பெங்களூரு