செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவருக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். மாசியில் நாங்கள் போய்வந்த நீர்கொழும்புப் பயணத்தைப் பற்றித்தான் நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

கிளிநொச்சியில் இரவு ஏறி, வவுனியா, அநுராதபுரம், புத்தளம் வழியாகப் போனோம். வாடகைக்குப் பேசிய பஸ் ஒன்றரை மணி நேரம் பிந்தி வந்தது. வயதான அம்மாமார் வீதியோரத்தில் குந்தியிருந்தது எனக்கு இன்னும் மனவருத்தம். இனி முற்பணம் கொடுக்கும்போதே நேரத்தை எழுதி வாங்கவேண்டும்.

காலையில் ஹமில்டன் கால்வாயில் படகேறினோம். 1802 இல் தொடங்கி 1804 இல் ஆங்கிலேயர் வெட்டி முடித்தது. ஒல்லாந்தர் அதற்கு முன்பே அந்தக் கரையில் கால்வாய் வெட்டியிருந்தார்கள். கோட்டை இராச்சியக் காலத்திலேயே கறுவாவும் பாக்கும் நீர்வழியாகத் துறைமுகத்துக்குப் போயின. பக்கத்தில் பரந்து கிடக்கும் முத்துராஜவெல சதுப்பு ஒருகாலத்தில் நெல்வயல். ஒல்லாந்தர் கால்வாய் வழியே கடல்நீர் ஏறி வயல் கெட்டது. அந்த உப்பை வடிக்கத்தான் ஆங்கிலேயர் ஹமில்டன் கால்வாய் வெட்டினார்களாம், உப்பு போகவேயில்லை. இதைக் கேட்டதும் படகில் இருந்த நம் கமக்காரர் பேச்சை நிறுத்திவிட்டார்கள். ஒரு ஐயா விரலைத் தண்ணீரில் நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்து, "உவர்க்குது தம்பி" என்றார். அந்த முகம் எனக்கு மறக்காது.

படகோட்டி நீர்கொழும்பு மீனவர் பேசும் தமிழில் பேசினார். சொல் சில புரியவில்லை, ஆனாலும் தமிழ் கேட்டதே பெரிய ஆறுதல். அப்புறம் இறங்கிக் கரையோரப் பாதையில் நடந்தோம். ஒரு பக்கம் கண்டல், மறுபக்கம் வீட்டு வாசல்கள், இடையிடையே கண்ணாடிப் பெட்டிக்குள் மாதா சிலை. கபரக்கொய்யா என்ற பெரிய நீர் உடும்பு ஒன்று எங்களைக் கவனிக்காமல் நீந்திக் கடந்தது.

திரும்பும் வழியில்தான் ஒரு அக்கா கேட்டார்: "இவ்வளவு தூரம் வந்து வாய்க்கால் பார்க்கிறோமே, நம் இரணைமடுக் குளத்து இடதுகரை வாய்க்காலை முழுக்க நடந்து பார்த்தவர் யார்?" ஒருவரும் இல்லை. கனகராயன் ஆற்றுத் தண்ணீர் குளத்தில் தேங்கி, துருசு என்ற மதகால் இறங்கி நம் வயலுக்கு வருவதை நாம் பாதி வழியில்தான் பார்க்கிறோம்.

ஆகவே சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறந்த பிறகு, துருசிலிருந்து கடைசி வயல்வரை நடக்கச் செயற்குழு முடிவெடுத்துள்ளது. வாய்க்கால் கட்டை விட்டுப் பற்றைக்குள் இறங்குவதில்லை. பழக்கமான பாதையில் மட்டும், அந்தந்தப் பகுதிக் கமக்காரர் அமைப்பிடம் கேட்டுக்கொண்டு போவோம். சேர விரும்புவோர் இன்றே பெயர் தாருங்கள். தண்ணீர்ப் போத்தலும் தொப்பியும் அவரவர் பொறுப்பு.

செயலாளர்