காட்டுக் கோயிலைப் பற்றிப் பெரியம்மாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

போன வாரம் தொலைபேசியில், "காட்டுக் கோயிலுக்குப் போய் வந்தாயா?" என்று கேட்டீர்கள். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை; பேச்சை மாற்றிவிட்டேன். அந்த உறுத்தல் தாங்காமல் ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டு வந்தேன். மயிலாப்பூரில் வளர்ந்து இப்போது வெளியூர்களில் இருக்கிற மற்றவர்களும் படிக்கட்டும் என்றுதான் இதை எல்லாரும் பார்க்கும்படி எழுதுகிறேன். தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: காட்டுக் கோயில் என்பது சென்னை மயிலாப்பூரில் 'லஸ் சர்ச்' என்று பலரும் சொல்லும் மாதா கோயில்.

முதலில் வழியைச் சொல்லிவிடுகிறேன். லஸ் முனை உங்களுக்கு அடையாளம் தெரியாது. மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தில் இரண்டு தடங்கள் திருமயிலையில் பூமிக்கு அடியில் சந்திக்கப் போகின்றன. அதற்காகத் தெருவைத் தோண்டி, ஆள் உயரத்துக்கு மேல் தகரத் தடுப்பு எழுப்பியிருக்கிறார்கள். நடந்து போகிறவர்களுக்கு ஒற்றையடிப் பாதைதான் மிச்சம். 1997இல் பறக்கும் ரயில் திருமயிலைக்கு வந்தபோது, கால்வாயில் தூண் நட்டுவிட்டார்களே என்று நீங்கள் வருந்தினீர்கள். அந்தத் தூண்களே இன்று பழைய பொருள் போல நிற்கின்றன. காமதேனு தியேட்டர் கல்யாண மண்டபமாகிவிட்டது. மரமும் தோட்டமுமாக இருந்த வீடுகள் பெரும்பாலும் அடுக்குமாடிக் கட்டடங்களாகிவிட்டன. நாகேஸ்வர ராவ் பூங்காவில் மட்டும் நிழல் இருக்கிறது.

தகரத்தை ஒட்டி நடக்கும்போது மகள் கேட்டாள், "காட்டுக் கோயில் என்கிறாயே, காடு எங்கே?" என்று. நானும் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு இதே கேள்வியைக் கேட்டவள்தானே. அன்று நீங்கள் சொன்ன கதையை அவளுக்குச் சொன்னேன். கடலில் வழி தவறிய போர்த்துக்கீசியர்கள், கரையில் ஒரு வெளிச்சம் தெரிவதைப் பார்த்து அதைக் குறி வைத்துக் கப்பலைச் செலுத்தினார்கள். கரையேறிய பிறகும் வெளிச்சம் முன்னால் போய்க்கொண்டே இருந்தது. காட்டுக்குள் ஓர் இடத்தில் மறைந்தது. அங்கேயே பிரகாச மாதாவுக்குக் கோயில் கட்டினார்கள். அவர்கள் மொழியில் 'லுஸ்' என்றால் வெளிச்சம். அது நம் வாயில் 'லஸ்' ஆகி, பஸ் நிறுத்தம் வரைக்கும் வந்துவிட்டது. தினமும் வெளிச்சத்தின் பெயரைச் சொல்லித்தான் டிக்கெட் வாங்கினோம் என்பதை அவளுக்குச் சொல்லும்போது எனக்கே உடல் சிலிர்த்தது.

கோயிலுக்குள் நுழைந்ததும் வெளிச் சத்தம் அடங்கியது. அந்தச் சுவர்களின் கனம் அப்படி. சாந்தோம் பேராலயம் போல அண்ணாந்து பார்க்க வைக்கிற கோபுரம் இங்கே கிடையாது. நின்றால் அணைத்துக்கொள்கிற அளவுதான். எனக்கு என்றும் இதுதான் பிடிக்கும். இன்று நாம் பார்க்கிற சாந்தோம் கட்டடம் 1896இல் எழுந்தது. இங்கே கல்வெட்டில் இருக்கும் ஆண்டு 1516. ஆங்கிலேயர் சென்னையில் இடம் பிடித்ததே 1639இல்தான். அந்தக் கல்வெட்டின் கணக்குப்படி, சென்னை என்று ஓர் ஊர் உருவாவதற்கு நூறு வருடங்களுக்கு மேல் முன்பே இங்கே மெழுகுவர்த்தி எரிந்திருக்கிறது.

தரையில் பதித்த கல்லறைக் கற்களை மிதிக்கக் கூடாது என்று என்னைத் தாண்டித் தாண்டி நடக்க வைப்பீர்களே, மகளும் சொல்லாமலே அப்படி நடந்தாள். ஒரு கல்லின் அருகே உட்கார்ந்து எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்தாள். ஓரத்து எழுத்துகள் ஆழமாக இருக்கின்றன. நடுவில் எல்லாம் மழமழவென்று தேய்ந்துவிட்டன. "இவ்வளவு பேர் நடந்தார்களா?" என்றாள். அதில் உங்கள் கால்களும் உண்டு என்றேன்.

அப்போது கோயில்பிள்ளை சாவிக்கொத்தோடு வந்து ஒரு ஜன்னலைத் திறந்தார். பிறகு உள்ளே போய் அலமாரியைத் திறக்கும் ஓசை கேட்டது. சாவி, ஜன்னல், அலமாரி மூன்றுமே போர்த்துக்கீசியர் நமக்கு விட்டுப்போன சொற்கள். வந்தவர்கள் போய்விட்டார்கள், சொற்கள் நம் வீட்டுக்குள் தங்கிவிட்டன.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், பெரியம்மா. சுற்றிலும் எல்லாம் மாறிவிட்டதே என்று நீங்கள் கலங்குவீர்கள் என்றுதான் இத்தனை நாள் எதுவும் சொல்லாமல் இருந்தேன். ஆனால் காடு போனபோது நாம் யாரும் இல்லை. அந்தக் கோயில் இருந்தது. தோட்டங்களையும் பங்களாக்களையும் அது பார்த்தது, அவை போனதையும் பார்த்தது. மெட்ரோ வரட்டும், வயதானவர்கள் சுலபமாக வந்து இறங்கலாம். என்னை வருத்துவது வேறு. திரும்பும்போது ஆட்டோக்காரரிடம் காட்டுக் கோயிலிலிருந்து வருகிறோம் என்றேன். அது எந்த ஊரில் இருக்கிறது என்று கேட்டார். அவர் மேல் குறையில்லை. நானே பள்ளிக்கூடத்தில் 'லஸ் சர்ச்' என்று சொல்லப் பழகி, வீட்டுக்கு வந்தும் அதையே சொன்னவள்தான். நீங்கள் ஒருவர்தான் விடாமல் காட்டுக் கோயில் என்றே சொன்னீர்கள்.

ஆகஸ்ட் 15 திருவிழாவுக்கு வாருங்கள். முதல்நாளே அண்ணனைக் கொண்டுவந்து விடச் சொல்லுங்கள். நெரிசலுக்கு முன்னால், காலைப் பூசைக்கே போய்விடலாம். உட்கார நாற்காலிக்கு நான் பார்த்துக்கொள்கிறேன்.

வீட்டுக்கு வந்த பிறகு மகள் இன்னொன்று கேட்டாள்: "கோயிலே இல்லாத காட்டில் அந்த விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றது யார்?" நானும் சின்ன வயதில் இதைக் கேட்டேன், நீங்கள் ஏதோ பதில் சொன்னீர்கள். யோசித்துப் பார்க்கிறேன், ஞாபகம் வரவில்லை. பெரியம்மா வந்து சொல்வார் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் தங்கை மகள்